புத்தகத்தில் இரண்டே வரி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த சந்தில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் சில இருந்தன. அவற்றில் ஒரு பெண்பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் வீட்டில் மட்டும்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். ஆனால் அந்தப் படிப்பு எதன்மேல் நின்றது என்பதையும் நானேதான் சொல்ல வேண்டும்.

அத்தா பாண்டிகசாலையில் சாக்குத் தைத்தார். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் அந்தக் கிட்டங்கிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாவுக்கு இழுப்பு. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால் தண்ணீர் தூக்குவது, மாவு இடிப்பது, துணி துவைப்பது எல்லாம் அக்காவின் வேலை. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மச்சானும் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். வீடு என்றால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அறையின் குறுக்கே அம்மாவின் பழைய சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். அத்தா இருமினால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

மச்சானும் அதே பாண்டிகசாலையில்தான் இருந்தார். கிராம்பு, ஜாதிக்காய் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒரு கைப்பிடி கிராம்பை அள்ளி மோந்து பார்த்து, "இது மழையில நனஞ்சு பொய் சொல்லிக்கிட்டு வந்திருக்கு" என்பார். அவர் சொன்னால் முதலாளி சேட்டு மறுபேச்சு பேசமாட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் மச்சான் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தார். சாயாவை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"சேட்டோட சொந்தக்காரருக்கு ஒரு தீவுல கடை இருக்காம். கிராம்பு தரம் பிரிக்க ஆள் வேணுமாம். ரெண்டு வருஷம். பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க."

"எந்தத் தீவு?" என்றார் அத்தா.

"ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல. கொமோரோன்னு பேரு. எல்லாம் நம்ம ஆளுகதான் மாமா. தெருவுக்குத் தெரு பள்ளிவாசலாம்."

"கப்பல்ல எத்தன நாளு?"

"குமட்டுற நாளு பத்து, குமட்டாத நாளு ரெண்டுங்கறாரு சேட்டு."

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வீடு தனியாவா?"

"தனியாத்தான். ரெண்டு ரூமு. கதவு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கழுவி வைத்திருந்த பாத்திரங்களை அவள் மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

மறுநாள் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். "அக்கா போறதுன்னா நீ இந்த வருஷத்தோட நிறுத்திக்க. எனக்குக் குடம் தூக்க வராது." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அம்மா கணக்குப்படி நான் ஏற்கெனவே தேவைக்கு மேல் படித்துவிட்டிருந்தேன். அன்றைக்குப் பள்ளியில் டீச்சர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான்தான் கை தூக்கினேன். எண்ணிப் பார்த்தால், நிறுத்தப்போகிறவளுக்கு அது எதற்கு.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். மச்சான் என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ளயாச்சே. அந்தத் தீவு எப்படின்னு உம் புத்தகத்துல பாத்துச் சொல்லேன்" என்றார்.

நான் பூகோளப் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் மலையாளம். மலையாளத்தில் கண்ணால் படித்துத் தமிழில் வாயால் சொல்வது எனக்குப் பழக்கம். சந்தில் எல்லார் வீட்டுக் கடுதாசியையும் அப்படித்தான் படித்துக் கொடுப்பேன். நான் புத்தகத்தைத் திறந்ததும் அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா அறிந்த ஒரே புத்தகம் குர்ஆன். அதை அவருக்கு ஓதத் தெரியும், பொருள் தெரியாது. அச்சடித்த எழுத்து எதுவாக இருந்தாலும் அவருக்கு அந்த மரியாதைதான். பீடித் தாளைக்கூட மிதிக்க விடமாட்டார். புத்தகத்தில் ஒரு பொய் இருக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

புத்தகத்தில் இரண்டே வரி இருந்தது. மடகாஸ்கருக்கு வடமேற்கே கொமோரோ தீவுகள் இருக்கின்றன, அவை எரிமலைகளால் உண்டானவை. கிராம்பும் வனிலாவும் தென்னையும் அங்கே விளையும்.

நான் முதல் வரியைச் சரியாகத்தான் சொன்னேன்.

"எரிமலைன்னா?" என்றார் அத்தா.

"நெருப்பு மலை. உள்ளுக்குள்ள நெருப்பு இருக்கும். வெளிய வரும்."

"வெளிய வருமா?" என்றார் அம்மா.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். வரியின் முடிவில் விரல் நின்றுவிட்டது. ஆனால் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இதில் ஒரு வழி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன். கிராம்பும் வனிலாவும் இருந்த வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே, வருஷத்துக்கு ஒரு தடவை மலை பிளக்கும் என்று படித்தேன். நெருப்பு ஆறு மாதிரித் தெருவில் ஓடும் என்று படித்தேன். கடல் கொதிக்கும், மீன் வெந்து மிதக்கும், ஜனங்கள் எந்நேரமும் மூட்டை கட்டி வாசலில் வைத்திருப்பார்கள் என்று படித்தேன். கீழே அடுத்த பாடமான ஆஸ்திரேலியா வந்துவிட்டது. அதன் மேலேயும் விரலை ஓட்டினேன்.

"மீன் வெந்தே மெதக்குதுன்னா கறி வெக்கிற வேல மிச்சம்" என்றார் மச்சான். அவர் மட்டும்தான் சிரித்தார்.

"அதுல அப்படியே போட்டிருக்கா?" என்று அம்மா கேட்டார்.

"அப்படியே போட்டிருக்கும்மா."

அம்மா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மாடத்தில் குர்ஆனுக்குக் கீழ்த்தட்டில் வைத்தார். "எம் மகள நான் நெருப்புக்குள்ள அனுப்ப மாட்டேன்" என்றார்.

மச்சான் சேட்டிடம் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். மலை இருக்கிறது, புகையும், ஆனால் ஒன்றும் செய்யாது என்று சேட்டு சொன்னாராம். அதற்கு அம்மா சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "சேட்டு வாயால சொல்றாரு. இவ புத்தகத்தப் பாத்துச் சொல்றா." என் பிறவியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அடுப்படியில் அக்கா என்னைத் தனியே பிடித்தாள். புத்தகத்தை எடுத்து வந்திருந்தாள்.

"இன்னொரு தடவ படி."

நான் படித்தேன். முதலில் சொன்ன அதே வரிசையில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா தன் விரலை வைத்து வரிகளைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தினிக்கூண்டுதான் இருக்கு. நீ இவ்வளவு நேரம் படிக்கிறியே."

"மலையாளத்துல சுருக்கி எழுதுவாங்க. தமிழ்ல விரிச்சுத்தான் சொல்லணும்."

அவள் தலையாட்டினாள். அக்காவுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. நான் எழுதிக் காட்டிச் சொல்லித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டதால் தனியாகவே போனார். போகிற அன்று அக்கா படகுத்துறை வரைகூட வரவில்லை. அவர் படி இறங்கும்போது, "மலைப் பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டு வருஷம் என்றார்கள். அங்கே கடை பெருகி, அவரை விடக் கடைக்காரருக்கு மனமில்லாமல், அது நாலு வருஷமாயிற்று.

அந்த நாலு வருஷத்தில் நான் பத்தாவது தேறினேன். டீச்சர் டிரெயினிங் முடித்தேன். காலையில் எனக்குக் கட்டுச்சோறு கட்டித் தந்தது அக்கா. பரீட்சை நாட்களில் குழாயடியிலிருந்து எனக்குக் குளிக்கத் தண்ணீர் தூக்கி வந்தது அக்கா. மச்சானைப் பற்றிச் சேட்டு வழியாக எப்போதாவது சேதி வரும், நன்றாக இருக்கிறார் என்று. அக்காவுக்கு அது போதாது. வெள்ளிக்கிழமைதோறும் என்னை வாசகசாலைக்கு அனுப்புவாள். "பேப்பர்ல அந்த மலையப் பத்தி ஏதும் போட்டிருக்கான்னு பாரு." நான் போய், ஆண்கள் படித்து முடித்துப் போட்ட பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு வந்து, ஒன்றும் இல்லை என்பேன். அவள் முகம் ஒரு வாரத்துக்குத் தெளியும். திரும்ப வியாழக்கிழமை இருண்டுவிடும்.

இப்படி ஆகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவள் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். என் கையால் மூட்டிய அந்த நெருப்பின் பக்கத்தில் அவள் புருஷனைத் தினமும் நிறுத்திவைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்த பின்னும் நான் சொல்லவில்லை. முதலில் பத்தாவது முடியட்டும் என்றிருந்தேன். பிறகு டிரெயினிங் முடியட்டும் என்றிருந்தேன். குழாயடியில் பெண்கள் அக்காவிடம், "இன்னும் ஒண்ணும் இல்லயா?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது என்ன இருக்கும். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

எனக்கு வேலை உத்தரவு வந்த மாதத்தில் மச்சான் வந்தார். கறுத்து, கொஞ்சம் பருத்து, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் கப்பல் பாஸ் வாங்கி வந்திருந்தார்.

"மாமி, நாலு வருஷம் நான் அந்த மலைக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன். காலைல கொஞ்சம் பொகையும். நம்ம மாமா பீடி குடிக்கற மாதிரி. அவ்வளவுதான்."

"நீங்க இருந்தப்ப அல்லா காப்பாத்துனான். ரெண்டாந்தரமும் அவன சோதிக்கணுமா?" என்றார் அம்மா.

அப்போதும் நான் நேர்வழிக்கு வரவில்லை. இன்னொரு பொய்யால் முதல் பொய்யைச் சரிக்கட்டப் பார்த்தேன். பள்ளியில் புதுப் பூகோளப் புத்தகம் வந்திருக்கிறது, அந்த மலை அணைந்துவிட்டது என்று அதில் போட்டிருக்கிறது என்றேன். அம்மா அரைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஒரு புத்தகம் சொன்னத இன்னொரு புத்தகம் மாத்துமா?"

"மாத்தும்மா. புதுசா கண்டுபிடிச்சா மாத்துவாங்க."

"அப்ப அது என்ன புத்தகம்." அவர் கல் பொறுக்கத் திரும்பிவிட்டார். "பழசுதான் நெசம். அவ போக வேணாம்."

அக்கா சேலைத் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன் பாத்திரம் கழுவப் போன மாதிரி இப்போது போகவில்லை. கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். நான் அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். முதல் சம்பளம் வந்ததும் தண்ணீர் தூக்க ஆள் வைத்துவிடுவேன். என் படிப்புக்கு இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இழக்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் மீதி இருந்தது. நான் படித்துச் சொன்னால் அது நிஜம் என்று சந்து முழுக்க நம்பியதே, அதுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவை இன்னும் மூன்று வருஷம் அங்கேயே நிறுத்திவைக்க முடிந்திருக்கும். ஒரு கணம் அதையும் யோசித்தேன்.

"அம்மா, அது புத்தகத்துல இல்ல" என்றேன். "நானாச் சொன்னது."

அம்மாவின் கை முறத்தில் நின்றது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மாடத்திலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"எதுவரைக்கும் புத்தகம்? எங்கேருந்து நீ?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். இங்கேயிருந்து இதுவரை. அவ்வளவுதான்.

"அத மட்டும் படி."

படித்தேன். கிராம்பும் வனிலாவும் தென்னையும் விளையும் என்று முடித்தேன். அம்மா அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமேல் முந்தானை போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "போய்ட்டு வா" என்றார்.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மச்சான் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க அங்க பயமில்லாமத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். "நான் தெனமும் பயந்து கெடந்தேனே" என்றாள். அதன் பிறகு கிளம்புகிற நாள் வரை அவள் என்னிடம் பேசவில்லை. ஹார்பர் ஸ்டேஷனில், கப்பல் பிடிக்கப் பம்பாய்க்கு ரயில் ஏறும்போதுதான் பேசினாள். அம்மாவின் மருந்தை வெந்நீரில் கலந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். நான் வேறு எதையோ கேட்க வாய் திறந்தேன். அவள் ஜன்னலில் துணிமூட்டையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டாள்.

தமிழ் எழுத்தை நான் டிரெயினிங் காலத்தில்தான் தனியாகக் கற்றுக்கொண்டேன். எனக்கு மலையாளம்தான் கைக்கு ஓடும். ஆனாலும் இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்தப் பொய்யை நான் தமிழில்தான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் முதல் கடுதாசி வந்தது. அங்கே கடையில் கணக்கெழுதும் தலசேரிக்காரர் ஒருவர், அவள் சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதியிருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது கடுதாசி பிரிக்காமல் அம்மாவின் மடியில் இருந்தது. என்னிடம் தரவில்லை. அடுத்த வீட்டுத் தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவர் நாலாம் வகுப்பு வரை படித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"டீச்சர் இருக்கும்போது நான் எதுக்கு?"

"நீ படி" என்றார் அம்மா.

அவர் படித்தார். நான் அவருக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கல்லில் இடறி இடறி வந்தது. கப்பலில் அக்கா ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. மச்சான் அவளுக்கு எலுமிச்சையை மோந்து பார்க்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மொம்பாசாவில் இறங்கிச் சின்னக் கப்பல் மாறினார்கள். தீவின் கரை முழுக்கக் கறுப்புக் கல். வீட்டுச் சுவரும் கறுப்புக் கல்தான், வெள்ளை அடித்திருக்கிறது. காற்றே கிராம்பு வாசனை என்று மச்சான் சொன்னார், அக்காவுக்கு இன்னும் உப்பு வாசனைதான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் மலைமேல் கொஞ்ச தூரம் ஏறினார்கள். ஓரிடத்தில் தரையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பை அணைத்த பிறகு அடுப்புத் திண்டு இருக்குமே, அந்தச் சூடு. மச்சான் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுப்பு வலிக்கு நல்லது என்றார். இரண்டு பேரும் அங்கேதான் சாப்பிட்டார்கள்.

அம்மா சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த வரியில் தையல்காரர் மனைவி நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு கண்ணைக் கீழே இறக்கி, எல்லாருக்கும் சலாம் சொல்லச் சொல்லியிருக்கிறாள் என்று படித்தார். அவர் தோளுக்கு மேலே எனக்கு அந்த இடம் தெரிந்தது. அவர் இரண்டு வரியைத் தாண்டியிருந்தார். அம்மாவின் சிரிப்பைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் தாண்டினார். எனக்கு அது தெரியும்.

பேசாமல் இருப்பதுதான் எளிது. அந்த வரியால் யாருக்கும் நன்மை இல்லை. அம்மாவுக்குத் தூக்கம் போகும், இழுப்பு கூடும். அதோடு, நான் வாய் திறந்தால் மறுபடி பொய் சொல்கிறேன் என்றே அம்மா நினைக்கக்கூடும்.

"ரெண்டு வரி விட்டுப்போச்சு" என்றேன்.

தையல்காரர் மனைவி திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். நான் கை நீட்டினேன். அவர் கொடுத்தார். படித்தேன். போன மாதம் ஒரு பகலில் மலை உறுமியது, தரை ஆடியது. ஊர் ஜனங்களோடு இவர்களும் கடற்கரைக்குப் போய் இரண்டு நாள் இருந்தார்கள். பிறகு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மா பயப்பட வேண்டாம்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தையல்காரர் மனைவியைப் பார்த்தார்.

"அதுல இருக்கா?"

"இருக்கு அம்மாயி" என்றார் அவர் மெதுவாக.

அம்மா மூச்சை இழுத்து விட்டார். நெஞ்சைக் கையால் நீவிக்கொண்டார். வெளியே குழாயடியில் யாரோ குடத்தை மாற்றி வைத்ததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி. மிச்சத்தப் படி" என்றார் அம்மா.

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கடுதாசி என் கையில்தான் இருந்தது. நான் அதைத் தையல்காரர் மனைவியிடமே திருப்பிக் கொடுத்தேன்.